ஜாவி வரியைச் சேர்த்தால் தமிழ் ஏன் கட்டம் கட்டமாகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மலேசியாவின் பீடோங்கில் ஓர் அச்சகத்துக்காக நோட்டிஸ் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், தோட்டத்து விளையாட்டுப் போட்டி என்று வரும் நோட்டிஸ்களை இணையப் பக்கமாக்கிப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புகிறீர்கள். தோட்டப் பக்கம் இணைய வேகம் குறைவு. அதனால் முழு எழுத்துருவையும் அனுப்பாமல், அந்த நோட்டிஸில் வரும் எழுத்துகளுக்கு மட்டும் அதைக் கத்தரித்து அனுப்புகிறீர்கள். தமிழும் ஆங்கிலமும் ரூமி மலாயும் (ஆங்கில எழுத்தில் எழுதும் மலாய்) கலந்த நோட்டிஸ் சரியாக வருகிறது. கீழே சீன வன்பொருள் கடையின் விளம்பரம் இருந்தாலும் தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலே ஜாவியில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் மலாயில், ஒரு தலைப்பு வரி வந்துவிட்டால் தமிழ் முழுதும் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம் கட்டமாகிவிடுகிறது, ஆங்கிலம் மட்டும் தப்பிக்கிறது. ஜாவி வலமிருந்து இடமாக ஓடுவதால் வந்த கோளாறு என்று நினைத்து, திசையை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறீர்கள்.

திசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுத்துகளை வரிசைப்படுத்தித் திரையில் வைக்கும்போதுதான் திசை வேலைக்கு வரும். உங்கள் பிழையோ அதற்கு வெகு முன்னால், எந்தெந்த எழுத்து தேவை என்று பட்டியல் போடும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. நோட்டிஸில் உள்ள எழுத்துகள் ஒரு கணம் (கணிதத்தில் சொல்லும் தொகுப்பு, set), எழுத்துருவில் உள்ளவை இன்னொரு கணம். இரண்டின் வெட்டை, அதாவது இரண்டிலும் பொதுவாக உள்ளவற்றை, கண்டுபிடித்து அதன்படி கத்தரிக்கிறீர்கள். அந்த வெட்டில் தமிழ் தொலைந்துபோகிறது. ஆகவே உண்மையான கேள்வி, என் வெட்டுச் செயல் ஏன் சில நேரம் மட்டும் ஒரு பகுதியைத் தொலைக்கிறது என்பதுதான். எழுத்துருக்களைக் கத்தரிப்பதிலும் சோதிப்பதிலும் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன். உங்கள் வெட்டுச் சுற்றை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். அளவைக் குறைக்கும் செயலையும் நகலெடுக்கும் செயலையும் நான் பார்க்கவில்லை.

கணத்தின் அமைப்பை ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பார்த்து எழுதியதாகச் சொல்கிறீர்கள். நல்ல தேர்வு. பெஹ்தாத் எஸ்ஃபாபோத் முன்னின்று வளர்த்த அந்த நூலகம்தான் இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் தமிழை வடிவமைத்துத் தருகிறது. அதில் ஒரு கணம் என்பது 512 பிட்டுகள் கொண்ட பக்கங்களின் தொகுப்பு. ஒவ்வொரு பிட்டும் ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோட் தரநிலை கொடுத்த எண்ணை 512 ஆல் வகுத்தால் வரும் ஈவு பக்க எண், மீதி அந்தப் பக்கத்துக்குள் இருக்கும் இடம். தமிழுக்கு ஒதுக்கப்பட்ட எண்கள் 2944 முதல் 3071 வரை. அதாவது 5 ஆம் பக்கத்தின் கடைசிக் கால் பகுதி. அதே பக்கத்தில் குர்முகி, குஜராத்தி, ஒடியா மூன்றும் நமக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலமும் ரூமியும் 0 ஆம் பக்கம். ஜாவி எழுத்துகள், மலாய்க்கென்று சேர்த்த ஙா, கா போன்றவை உட்பட, 3 ஆம் பக்கத்தில் அடங்கிவிடும். சீனத்தின் முதன்மைத் தொகுதி 39 இல் தொடங்கி 79 வரை 41 பக்கங்களுக்கு நீளும்.

இனிதான் முக்கியமான இடம். கணத்துக்குள் இரண்டு வரிசைகள் இருக்கின்றன. ஒன்று அட்டவணை. அது பக்க எண்படி ஏறுவரிசையில் இருக்கும். அதன் ஒவ்வொரு பதிவிலும் பக்க எண்ணும், அந்தப் பக்கம் எங்கே கிடக்கிறது என்ற இட எண்ணும் உண்டு. மற்றது பக்கங்களே கிடக்கும் வரிசை. அதில் ஒழுங்கு கிடையாது, எது முதலில் வந்ததோ அது முதலில். புதுப் பக்கம் வந்தால் அட்டவணையில் உரிய இடத்தில் சின்னப் பதிவை நுழைத்துவிட்டு, பெரிய பக்கத்தைக் கடைசியில் ஒட்டிவிடலாம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) பெயர்ப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும், லயத்து வீடுகளோ, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளோ, வந்து சேர்ந்த வரிசையில் கொடுக்கப்பட்டவை. ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டுப் போகிறது. பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, வீடு ஒன்று மிச்சம் என்று லயத்தின் கடைசி வீட்டை இடித்தால் என்ன ஆகும்? காலியான வீடு முதல் வீடு. இடிபட்டது ஆள் இருந்த வீடு.

உங்கள் நோட்டிஸில் நடப்பதை இந்த வகையில் ஓட்டிப் பாருங்கள். மேலே ஜாவி வரி. முதல் எழுத்து வந்ததும் 3 ஆம் பக்கம் இடம் 0 இல் உட்காருகிறது. இரண்டாவது சொல்லுக்கு முன் ஓர் இடைவெளி வருகிறது. இடைவெளியும் ஓர் எழுத்துதான், அதனால் 0 ஆம் பக்கம் இடம் 1 இல். அப்புறம் தமிழ் வருகிறது, 5 ஆம் பக்கம் இடம் 2 இல். இப்போது எழுத்துருவின் கணத்தோடு வெட்டுகிறீர்கள். அந்த எழுத்துருவில் ஜாவி இல்லை. உங்கள் சுற்று அட்டவணையிலிருந்து 3 ஐ நீக்கி, 5 ஐ முன்னுக்கு நகர்த்துகிறது. அந்தச் சுற்றை வரி வரியாகப் பார்த்தேன், அதில் தவறில்லை. மிஞ்சிய பக்கங்கள் இரண்டு. ஆகவே பக்க வரிசையையும் இரண்டாகக் குறைக்கிறீர்கள். குறைத்ததில் போனது கடைசியில் கிடந்த தமிழ்ப் பக்கம். யாருக்கும் வேண்டாத ஜாவிப் பக்கம் இடம் 0 இல் பத்திரமாக இருக்கிறது. அட்டவணையோ தமிழ் இடம் 2 இல் இருப்பதாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லை தாண்டிக் கேட்டால் வெற்றுப் பக்கம் தரும்படி உங்கள் வரிசையை எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். ஹார்ஃப்பஸிலும் அப்படித்தான். அதனால் நிரல் விழவில்லை, எச்சரிக்கையும் இல்லை, தமிழ் எழுத்தே இல்லாத ஒரு கணம் அமைதியாகக் கைக்கு வருகிறது.

சீன விளம்பரம் ஏன் தொந்தரவு தரவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். விளம்பரம் எப்போதும் நோட்டிஸின் அடியில் இருக்கும். அதன் பக்கங்கள் கடைசியில் சேர்ந்தவை. கடைசியை நறுக்கும்போது தற்செயலாகச் சரியான பக்கங்களே போகின்றன.

இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் கொடுத்த இரண்டு எண்கள். வெட்டுக்குப் பிறகு எண்ணிக்கை கேட்டால் 52 என்கிறது, ஒவ்வொன்றாக நடந்து அச்சிட்டால் 38 தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேள்வியின் ஓரத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கண்ணில் அதுதான் மொத்தக் கதையும். எண்ணிக்கைச் செயல் பக்க வரிசையில் கிடப்பதையெல்லாம் கூட்டுகிறது. நடக்கும் செயல் அட்டவணை வழியாகப் போகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அட்டவணைக்கும் பக்கங்களுக்கும் இருந்த பிணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். 38 என்பது ஆங்கில, ரூமி எழுத்துகளும் எண்களும் குறிகளும். மீதி 14 ஜாவிப் பக்கத்தில் எஞ்சியவையாக இருக்க வேண்டும். தலைப்பு வரியில் எத்தனை வெவ்வேறு ஜாவி எழுத்துகள் இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணுங்கள். 14 வந்தால் விஷயம் முடிந்தது.

அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு சோதனைகளையும் செய்யச் சொல்வேன். ஒரு விளக்கம் நடந்ததைச் சொன்னால் மட்டும் போதாது, இன்னும் நடக்காததையும் சொல்ல வேண்டும். முதல் சோதனை: அதே ஜாவி நோட்டிஸில், தமிழ்ப் பகுதிக்குக் கீழே எங்காவது வளைந்த மேற்கோள்குறி ஒன்றைப் போடுங்கள். அது 16 ஆம் பக்கத்தைச் சேர்ந்தது. உங்கள் எழுத்துருவில் அது இருக்க வேண்டும், நோட்டிஸில் வேறெங்கும் அது வந்திருக்கக் கூடாது. என் கணக்குப்படி தமிழ் உயிர் பெற்று வந்துவிடும், மேற்கோள்குறி மட்டும் கட்டமாகும். மிஞ்சுவது மூன்று பக்கம், வரிசையின் கடைசியில் இருப்பது இப்போது மேற்கோள்குறி. இரண்டாவது சோதனை: ஜாவியை எடுத்துவிட்டுச் சீன விளம்பரத்தை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். இடைவெளியோ எண்ணோ வருமுன் அந்த வரி இரண்டு பக்கங்களையாவது தொட்டால், தமிழோடு ஆங்கிலமும் சேர்ந்து கட்டமாகும். முன்னால் எத்தனை பக்கம் வீணாகிறதோ பின்னால் அத்தனை பக்கம் பலியாகிறது. மாறாக, சீனத்தை மேலே வைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் சொன்ன காரணம் தவறு. அப்போது பிழை பக்க எண்ணின் ஏறுவரிசையோடு சம்பந்தப்பட்டது. 39 எப்படியும் 5 க்குப் பின்னால்தானே. அட்டவணையை நகர்த்தும் இடத்தையோ இரும வழித் தேடலையோ சந்தேகிக்க வேண்டிவரும்.

சோதனைக்கு எந்தக் கோப்பை எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். அச்சகத்தில் பழைய நோட்டிஸ்கள் நிறைய இருக்கும், அவற்றை அப்படியே கொட்டிச் சோதிக்கத் தோன்றும். யூனிகோட் பரவுவதற்கு முன் நம் நாட்டு அச்சகங்களில் டிஸ்கி போன்ற 8 பிட் முறை எழுத்துருக்கள்தான் ஓடின. அந்தக் கோப்புகளில் தமிழ் எழுத்துகள் 256 க்கு உட்பட்ட இடங்களில், ஆங்கிலத்தோடு ஒரே பக்கத்தில் கிடக்கும். ஒரே பக்கம் உள்ள கணத்தில் இந்தப் பிழை எட்டிப் பார்க்கவே பார்க்காது. எல்லாம் தேறிவிட்டது என்று தோன்றும், உண்மையில் எதையும் சோதித்திருக்க மாட்டீர்கள்.

இனி சரிசெய்யும் வழி. ஹார்ஃப்பஸ் செய்வது, அளவைக் குறைப்பதற்கு முன் பக்கங்களை நெருக்கி அடுக்குவது. இட எண்களுக்கு ஒரு தற்காலிகப் பட்டியல் போட்டு, எந்த இடம் எந்த அட்டவணைப் பதிவுக்குச் சொந்தம் என்று குறிக்கிறது. அப்புறம் முதல் இடத்திலிருந்து நடந்து, சொந்தக்காரர் இல்லாத பக்கத்தைத் தாண்டி, இருக்கும் பக்கத்தை முன்னுக்கு இழுத்து, அந்தப் பதிவின் இட எண்ணையும் உடனே மாற்றுகிறது. அதற்குப் பிறகுதான் கடைசியை நறுக்குகிறது. பக்கங்களுக்கிடையே பிட் கணக்குப் போடுவது அதற்கும் பிறகு, பின்னாலிருந்து முன்னாக. இந்த வரிசை மாறினால் கணக்கு போட்ட விடை தவறான பக்கத்தில் போய் விழும். இரண்டு கணங்களையும் ஒன்றாக்கும் சேர்ப்புச் செயலுக்கு இது எதுவும் தேவையில்லை. அதில் இடப்பக்கக் கணத்தின், அதாவது மாற்றத்துக்கு உள்ளாகும் கணத்தின், பக்கம் எதுவும் போகாது. உங்கள் சேர்ப்பு சரியாக ஓடி வெட்டு மட்டும் சொதப்புவதற்குக் காரணம் அதுதான். வித்தியாசம் காணும் செயலிலும் இடப்பக்கப் பக்கங்கள் அப்படியே தங்கும். ஆகவே அங்கேயும் பிரச்சினை வராது.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இடத்திலேயே மாற்றும் இந்த வேலையை எடுக்கவே மாட்டேன். வெற்றுக் கணம் ஒன்றை எடுத்து, இரண்டு அட்டவணைகளிலும் ஒரே நேரத்தில் நடந்து, பொதுவான பக்க எண் வந்தால் இரண்டு பக்கங்களின் வெட்டைப் புதுக் கணத்தில் சேர்த்து, கடைசியில் பழையதோடு மாற்றிக்கொள்வேன். ஹார்ஃப்பஸ் இடத்திலேயே செய்வது நினைவகத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்த. ஓர் எழுத்துருவுக்குள் அந்தச் செயல் எண்ணற்ற முறை ஓடுகிறது. உங்கள் நோட்டிஸுக்கு வரும் கணத்தில், சீன விளம்பரத்தைச் சேர்த்தாலும், பக்கங்கள் சில பத்துகளைத் தாண்டுவது அரிது. அந்தச் சிக்கனம் உங்களுக்கு ஒன்றும் தராது, இந்த மாதிரிப் பிழையைத்தான் தரும். பயிற்சிக்காக எழுதவில்லை, வேலை முடிந்தால் போதும் என்றால், ஹார்ஃப்பஸ் தன்னுடனேயே எழுத்துரு கத்தரிக்கும் நூலகத்தையும் தருகிறது. அதை நேரடியாக அழைக்கலாம்.

வெற்றுப் பக்கம் தரும் வரிசைக்குப் பதிலாக சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியின் வழக்கமான வரிசையான வெக்டரைப் போட்டிருந்தால் இதே பிழை வேறு முகத்தோடு வந்திருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். வெக்டரைச் சுருக்கினாலும் அது பிடித்து வைத்த நினைவகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எல்லை தாண்டிப் படித்தால் பழைய தமிழ்ப் பக்கமே கிடைத்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியலாம். பிறகு ஒரு புதுப் பக்கம் சேரும்போது அது அந்த இடத்தில் எழுதப்பட்டு, தமிழ் திடீரென்று வேறொரு செயலில் காணாமல் போகும். பிழை நடந்த இடம் ஒன்று, தெரியும் இடம் இன்னொன்று. அத்தகைய நிரலை எல்லைச் சோதனை போட்டுத் தொகுத்து ஓட்டாமல் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பகுதியில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. வேறொரு பெரிய எழுத்துருவில் கட்டம் வரவில்லை, ஆனால் ‘மு’, ‘து’ போன்றவை உடைந்து, மெய்யுருவும் உகரக் குறியும் தனித்தனியாகத் தெரிகின்றன என்கிறீர்கள். இதுவும் அதே பிழையின் வேலையாக இருக்கலாம். ‘மு’ என்ற உருவுக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது. எழுத்துருவில் உள்ள பதிலீட்டு விதிதான் ‘ம’ வையும் உகரக் குறியையும் சேர்த்து அந்த உருவைத் தருகிறது. கத்தரிக்கும்போது, கையில் உள்ள உருவங்களின் கணத்தை ஒவ்வொரு விதியும் தொடும் உருவங்களின் கணத்தோடு வெட்டி, அந்த விதி தேவையா என்று முடிவு செய்கிறீர்கள். இங்கே கணத்தில் இருப்பவை உருவங்களுக்கு எழுத்துரு கொடுத்த வரிசை எண்கள். 512 உருவங்களுக்கு உட்பட்ட சின்ன எழுத்துருவில் ஒரே பக்கம், பிழை வராது. பெரிய எழுத்துருவில் பல பக்கம், வெட்டும்போது ஏதாவது ஒன்று தொலைந்து, ‘ம’ கையில் இல்லை என்று நிரல் நினைத்து அந்த விதியையே விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் வைத்துக்கொள்ளும் அம்சங்களின் (எழுத்துருவில் பதிலீட்டு விதிகளைத் தொகுத்து வைக்கும் பிரிவுகளின்) பட்டியலில் அந்த எழுத்துருவுக்கு வேண்டிய ஒன்று விடுபட்டிருந்தாலும் இதே தோற்றம்தான் வரும். உகர உருவங்களை எந்த அம்சத்தில் வைப்பது என்பதில் எழுத்துரு செய்பவர்கள் ஒருவர்போல் இன்னொருவர் செய்வதில்லை. வெட்டைத் திருத்திய பிறகும் ‘மு’ உடைந்தால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

திருத்தியதும் உங்களை வந்து முட்டப்போகும் இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒ, ஓ, ஔ குறிகளுக்குத் தனி எண்கள் உண்டு: 3018, 3019, 3020. ஆனால் வடிவமைக்கும்போது ஹார்ஃப்பஸ் அவற்றை இரண்டாகப் பிரித்துவிடும். ‘கொ’ வில் உள்ள 3018, கொம்பான 3014 ஆகவும் காலான 3006 ஆகவும் பிரியும். ‘கௌ’ வுக்கு 3014 உம் 3031 உம் வேண்டும். நோட்டிஸில் ‘கொ’ இருந்து, ‘கெ’ வும் ‘கா’ வும் எங்குமே இல்லாவிட்டால், அந்தத் துண்டுகள் உங்கள் கணத்தில் இருக்காது. வெட்டுக்கு முன்னால் அவற்றை நீங்களே சேர்த்துவிடுங்கள். நீளமான நோட்டிஸில் இது தெரியாது, ‘கொடியேற்றம்’ என்று பெரிதாக ஒரே சொல் மட்டும் உள்ள படத்தில் தெரியும்.

கடைசியாக, நிரந்தரச் சோதனை ஒன்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் நான்கைச் சரிபார்க்க வேண்டும்: அட்டவணை கண்டிப்பான ஏறுவரிசையில் இருக்கிறதா, ஒவ்வோர் இட எண்ணும் பக்க வரிசையின் நீளத்துக்குள் அடங்குகிறதா, ஒரே இடத்தை இரண்டு பதிவுகள் பங்கு போடுகின்றனவா, எண்ணிக்கையும் நடந்து பார்த்த தொகையும் ஒன்றா. இதோடு, மெதுவான ஆனால் எளிமையான ஒரு கணத்தை வைத்துக்கொண்டு, தாறுமாறான எண்களைத் தாறுமாறான வரிசையில் இரண்டிலும் சேர்த்து, விடை ஒன்றாக வருகிறதா என்று ஓட்டிக்கொண்டே இருங்கள். ஹார்ஃப்பஸ்காரர்களும் கணத்துக்கென்றே இப்படி ஒரு சோதனை நிரல் வைத்திருக்கிறார்கள். 1, 2, 3 என்று கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கத்தில் விழும், பயனில்லை. எல்லைகளைக் கொடுங்கள்: 511, 512, தமிழின் கடைசியான 3071, தெலுங்கு தொடங்கும் 3072. 2019 இல் யூனிகோட் 12 இல் சேர்ந்த தமிழ்ப் பின்னங்கள், முகத்தல் அளவைக் குறிகள் போன்றவை உள்ள கூடுதல் தொகுதி 73664 முதல் 73727 வரை, அதுவும் 143 ஆம் பக்கத்தின் கடைசி 64 இடங்கள். ஒரு கணத்தை அதனோடே வெட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். வெட்டுக்குப் பிறகு பிட் எதுவும் இல்லாத பக்கங்கள் அட்டவணையில் தங்கிவிடலாம். அது தவறல்ல, ஆனால் இரண்டு கணங்கள் சமமா என்று பார்க்கும் செயல் அவற்றைத் தாண்டிப் போக வேண்டும்.

ஜாவி எழுத்துகளை எண்ணியபோது 14 வரவில்லை என்றால், அளவைக் குறைக்கும் செயல், நகலெடுக்கும் செயல் இரண்டையும் இங்கே இடுங்கள். அதோடு வெட்டுக்கு முன்னும் பின்னும் அட்டவணையில் இருக்கும் பக்க எண், இட எண் ஜோடிகளையும் அச்சிட்டுப் போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.